புதிதாக வாங்கிய கடல் மீனுக்குக் குடல் ஒட்டுண்ணி சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் பிடித்த மீனின் குடலில் ஏதாவது ஒரு புழு இருப்பது சாதாரணம். கடலில் அது மீனைக் கொல்வது அரிது. ஏற்றுமதிக்கு முன் வயிறு காலியாகட்டும் என்று பட்டினி போடுகிறார்கள். பிறகு பை, விமானம், மொத்த வியாபாரியின் தொட்டி, கடைத் தொட்டி என்று மீன் இடம் மாறிக்கொண்டே வருகிறது. இதற்குள் அதன் தெம்பு இறங்கிவிடும், உள்ளே இருந்தது தலைதூக்கும். வீட்டுக்கு வந்த முதல் ஆறு வாரத்தில் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பது பற்றியே இங்குள்ள கேள்விகள்.

வாங்கி வந்த எல்லா மீனுக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். எல்லா மீனையும் தனிமைத் தொட்டியில் வைக்க வேண்டும். மருந்து, காரணம் தெரிந்தால் மட்டும். மெட்ரோனிடசோல், பிரசிகுவாண்டல், ஃபென்பெண்டசோல் என்ற மூன்று மருந்தையும் வரிசையாகக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் உண்டு. மெலிந்து, பயந்து, பாதி தீனி தின்னும் மீனுக்கு அந்த வரிசையே சுமையாகிவிடும். நன்றாகத் தின்று, முதுகுச் சதை நிரம்பி, கழிவு திடமாகப் போகும் மீனை நான்கு வாரம் கவனித்தால் போதும்.

பொரிப்பகத்தில் பிறந்த மீனுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தி செய்கிறது. அப்படித் தொட்டியிலேயே வளர்ந்த குஞ்சுக்கு நாடாப்புழு வர வழி குறைவு. அந்தப் புழு மீனுக்குள் வருமுன் கோபிபாட் போன்ற சிற்றுயிர் ஒன்றில் வளர்ந்தாக வேண்டும். பொரிப்பகத்தில் அந்தக் கண்ணி பெரும்பாலும் அறுந்திருக்கும். கடலில் பிடித்த காப்பர்பேண்ட், டாங், ஆந்தியாஸ், மாண்டரின் ஆகிய மீன்களைத்தான் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

உள்ளே ஒட்டுண்ணி இருப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்பத்தக்கது இது: மீன் தினமும் நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இரண்டு வாரமாக மெலிந்துகொண்டே போகிறது. வயிற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். தின்றதும் வயிறு உப்பும், சில மணி நேரத்தில் ஒட்டும். மீனை நேர் எதிரிலிருந்து, முகத்துக்கு முகம் பாருங்கள். தலைக்குப் பின்னால், முதுகுத் துடுப்புக்கு இருபுறமும் சதை உருண்டையாக இருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்து, மேல்பக்கம் கத்தி முனைபோல் கூர்ந்திருந்தால் மீன் தன் சதையையே கரைத்துத் தின்கிறது என்று பொருள்.

வந்த நாளிலும் பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறையும் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. படம் காட்டிக்கொடுக்கும்.

இவற்றோடு, ஆசனவாயில் சிவந்த நூல்போல ஏதாவது தொங்கினால் உருளைப்புழு. கழிவில் அரிசிபோல வெள்ளைத் துண்டு தெரிந்தால் நாடாப்புழுவின் கணுக்கள். இரண்டும் அடிக்கடி கண்ணில் படுவதில்லை. பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கழிவு வெள்ளையாக, நூல்போலப் போகிறது. புழுதானே?

அவசியமில்லை. பட்டினி கிடக்கும் மீனின் குடலிலிருந்து வெறும் சளி வெளியேறும். அதுவும் வெள்ளையாக, கண்ணாடிபோல, நீளமாகத் தொங்கும். புதிதாக வந்த மீனில் முதல் மூன்று நான்கு நாள் காண்பது பெரும்பாலும் இதுதான். இறால் சதை மட்டும் தின்னும் மீனின் கழிவும் வெளுத்திருக்கும். நிறமுள்ள தீனி, உதாரணமாக நோரி பாசித் தாளோ சிவப்பு நிற பெல்லட்டோ, இரண்டு நாள் தின்ற பிறகும் கழிவு வெள்ளைச் சளியாகவே போனால் கசையிழை உயிரிகளைச் சந்தேகிக்கலாம். ஸ்பைரோநியூக்ளியஸ் வகையைச் சேர்ந்த இவை ஒரு செல் உயிரிகள், புழுக்களே அல்ல. ஆகவே புழு மருந்துக்கு அசையாது.

மைக்ரோஸ்கோப் இருந்தால் பயன்படுமா?

மிகவும். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும். கழிவு விழுந்தவுடன் பிப்பெட்டால் உறிஞ்சி, தொட்டித் தண்ணீர் ஒரு துளியோடு ஸ்லைடில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் அழுத்துங்கள். முதலில் 100 மடங்கில் தேடுங்கள், பிறகு 400 மடங்கில் பாருங்கள். நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் துள்ளித் திரிந்தால் கசையிழை உயிரிகள். இரு முனையிலும் மூடி போட்ட பீப்பாய்போலத் தெரிந்தால் கேபிலேரியா என்ற உருளைப்புழுவின் முட்டை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தரையில் இரவெல்லாம் கிடந்த கழிவில், தொட்டியில் வாழும் தீங்கற்ற சிற்றுயிர்கள் ஏறிக்கொள்ளும். அவற்றைப் பார்த்துப் பதறி மருந்து கொடுத்தவர்கள் ஏராளம்.

எதற்கு எந்த மருந்து?

கசையிழை உயிரிகளுக்கு மெட்ரோனிடசோல். நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் பிரசிகுவாண்டல். உருளைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. "பிரசி போட்டேன், இன்னும் மெலிகிறது" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்: மீனுக்கு இருந்தது உருளைப்புழுவாகவோ கசையிழை உயிரியாகவோ இருந்திருக்கும்.

என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் மெலிவு உறுதி என்றால் மெட்ரோனிடசோலில் தொடங்குங்கள். வெள்ளைக் கழிவும் கூட இருந்தால் அதுவே பொருத்தம். ஐந்து நாள் மருந்து முடிந்து ஒரு வாரம் பார்த்தும் சதை ஏறவில்லையென்றால் ஃபென்பெண்டசோல். மூன்றாவதாகப் பிரசிகுவாண்டல். மூன்றையும் ஒரே தீனியில் கலக்காதீர்கள். மீன் தீனியைத் துப்பினால் எந்த மருந்தால் துப்பியது என்று தெரியாது. தேறினால் எதனால் தேறியது என்றும் தெரியாது.

மருந்தைத் தண்ணீரில் போடுவதா, தீனியில் கலப்பதா?

மீன் தின்கிறது என்றால் தீனியில்தான். புழு இருப்பது குடலில். மருந்தும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

கடல் மீனுக்கு ஒரு வசதி உண்டு. சுற்றியுள்ள உப்புநீர் அதன் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், அது ஓயாமல் கடல்நீரைக் குடிக்கிறது. நன்னீர் மீன் அப்படிக் குடிப்பதில்லை. அதனால் தண்ணீரில் கரைத்த மருந்து கடல் மீனின் குடலுக்குள் ஓரளவு போகும். தின்னாத மீனுக்கு இது கைகொடுக்கும். ஆனால் எவ்வளவு போனது என்று கணக்கிட முடியாது. ஃபென்பெண்டசோல் தண்ணீரில் கரையவே கரையாது. அதை வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

மருந்துத் தீனி செய்வது எப்படி?

100 கிராம் அளவுக்குச் செய்தால் கணக்கு எளிது. தேவையானவை: தோலுரித்த இறாலும் வெள்ளை மீன் சதையும் சேர்த்து 75 கிராம், வாசனையும் இனிப்பும் சேர்க்காத ஜெலட்டின் 5 கிராம், தண்ணீர் 20 மி.லி., மருந்து. டாங் போன்ற பாசி தின்னும் மீனென்றால் சதையைக் குறைத்து, ஊறவைத்த நோரியை அரைத்துச் சேர்க்கலாம்.

100 கிராம் தீனிக்கு மருந்தின் அளவு: மெட்ரோனிடசோல் 1 கிராம், அதாவது 400 மி.கி. மாத்திரை இரண்டரை. பிரசிகுவாண்டல் 500 மி.கி. ஃபென்பெண்டசோல் 250 மி.கி. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும்.

ஜெலட்டினைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். சதையை மிக்ஸியில் விழுதாக்குங்கள். மாத்திரையைக் கல்வத்தில் மாவாகப் பொடித்து, முதலில் ஒரு கரண்டி விழுதில் குழைத்து, பிறகு மொத்த விழுதில் சேர்த்து நன்றாகக் கிளறுங்கள். நேரடியாக மொத்தத்தில் கொட்டினால் ஓரிடத்தில் கட்டியாக நிற்கும்: ஒரு துண்டில் பத்து மடங்கு மருந்து, இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. கடைசியில் கைபொறுக்கும் சூட்டில் ஜெலட்டினை ஊற்றிக் கலந்து, ஜிப் பையில் 3 மி.மீ. தடிப்புக்குத் தட்டையாகப் பரப்பி, ஃப்ரீசரில் வையுங்கள். பையின் மேல் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். சமையல் மீன் வைக்கும் ஃப்ரீசர் என்றால் இதைத் தனி டப்பாவில் போடுங்கள்.

தொட்டி 25, 26 டிகிரியில் இருந்தால் ஜெலட்டின் கரையாமல் நிற்கும். சென்னை மே மாதத்தில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி 31 டிகிரியைத் தொட்டால் அது இளகி, மருந்தோடு தண்ணீரில் கலந்துவிடும். அப்போது அகர் அகர் பயன்படுத்தலாம். ஆனால் அதைக் கொதிக்கவைத்தே கரைக்க வேண்டும், ஆறும்போது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கை வேகமாக ஓட வேண்டும்.

மாத்திரையின் எடையும் மருந்தின் எடையும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 400 மி.கி. என்று அட்டையில் போட்டிருப்பது மருந்தின் அளவு. மாத்திரையில் மாவும் பூச்சும் சேர்ந்திருக்கும். தராசில் வைத்தால் 550 மி.கி. காட்டலாம். அந்தப் பொடியிலிருந்து 400 மி.கி. நிறுத்து எடுத்தால் மருந்து 290 மி.கி.தான். முழு மாத்திரையை முதலில் நிறுத்து, அந்த விகிதப்படி எடுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு போதும். அதற்குக் கீழே, சில மில்லிகிராம் அளவை எந்த வீட்டுத் தராசும் சரியாகக் காட்டாது. ஒரு வேளைக்கு வேண்டிய மருந்தைத் தனியே நிறுக்காமல் 100 கிராம் தீனியில் மொத்தமாகக் கலப்பதும் இதனால்தான்.

ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பது?

மெட்ரோனிடசோல்: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 மி.கி., 5 நாள். ஃபென்பெண்டசோல்: கிலோவுக்கு 25 மி.கி., 3 நாள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே 3 நாள் மறுபடியும். பிரசிகுவாண்டல்: கிலோவுக்கு 50 மி.கி., 3 நாள்.

இதைத் தீனிக் கணக்காக மாற்றினால்: மெட்ரோனிடசோல் தீனி மீனின் எடையில் அரை சதவீதம், மற்ற இரண்டும் ஒரு சதவீதம். 10 செ.மீ. நீள டாங் சுமார் 30 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மெட்ரோனிடசோல் தீனி 0.15 கிராம், பச்சைப் பட்டாணியில் பாதி. அவ்வளவுதான். "இவ்வளவு சின்னதா?" என்று தோன்றும், ஆம், அதுவே முழு அளவு. மருந்துத் தீனியை வயிறு நிறையக் கொடுத்தால் ஐந்தாறு மடங்கு மருந்து போகும்.

காலையில் விளக்கு போட்டு அரைமணி கழித்து, மீன் பசியோடு இருக்கும்போது முதலில் மருந்துத் துண்டு. அது தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு வழக்கமான தீனியைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தின்னாத மருந்துத் துண்டை எடுத்துவிடுங்கள். தண்ணீரில் ஊறிய துண்டில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது.

மருந்துத் தீனியை வாயில் போட்டுத் துப்பிவிடுகிறது.

மெட்ரோனிடசோல் கடும் கசப்பு. நாக்கில் பட்டவர்கள் மீனைக் குறை சொல்லமாட்டார்கள். கசப்பு குறைந்த வடிவம் மெட்ரோனிடசோல் பென்சோயேட்; குழந்தைகளுக்கான சிரப்பில் இருப்பது இதுதான். ஆனால் சிரப்பில் சர்க்கரையும் வாசனையும் உண்டு. பொடியாகக் கிடைத்தால் அதுவே மேல். பென்சோயேட் பொடியை எடையில் 1.6 மடங்கு எடுக்க வேண்டும்: 1 கிராம் மெட்ரோனிடசோலுக்கு ஈடு 1.6 கிராம் பென்சோயேட்.

அது கிடைக்காவிட்டால் தீனியில் மருந்தைப் பாதியாக்கி, அதே அளவு துண்டைக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று கொடுங்கள். ஒரு நாளில் உள்ளே போகும் மருந்து அதேதான், ஒரு வாயில் கசப்பு பாதி. அரைத்த மட்டிச் சாற்றில் துண்டை முக்கிக் கொடுத்தாலும் சில மீன்கள் ஏமாறும். தொடர்ந்து இரண்டு நாள் துப்பினால் நிறுத்துங்கள். மூன்றாம் நாள் சாதாரணத் தீனியையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடும். அது புழுவைவிடப் பெரிய தொல்லை.

மீன் எதையுமே தின்னவில்லை. என்ன செய்வது?

மருந்தை மறந்துவிடுங்கள், முதலில் தின்ன வையுங்கள். புதிய மீன் தின்னாமல் இருப்பதற்குப் புழுவைவிடப் பயமும் பழக்கமில்லாத தீனியும்தான் பெரும்பாலும் காரணம். தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டுங்கள். விளக்கைக் குறையுங்கள். ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகள் போடுங்கள். ஒருவரே, அதே நேரத்தில், அதே பக்கத்திலிருந்து தீனி போடுங்கள்.

உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் அசையும். அசைவதைப் பார்த்தால் பெரும்பாலான மீனுக்கு வாய் ஊறும். காப்பர்பேண்டுக்கு மீன் சந்தையில் கிடைக்கும் மட்டியை வாங்கி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு ஓட்டைப் பிளந்து, ஓட்டோடு தொட்டித் தரையில் வையுங்கள். அதன் நீண்ட வாய் அப்படிக் கொத்தித் தின்னவே படைக்கப்பட்டது. டாங்குக்கு நோரியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். மாண்டரின் வேறு ரகம்: நாள் முழுவதும் கோபிபாட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பது அது. கோபிபாட் இல்லாத தொட்டியில் மாண்டரின் மெலிவது பட்டினியால்தான். எந்த மருந்தும் அதைத் தேற்றாது.

ஐந்து நாளாகியும் ஒரு துண்டுகூடத் தொடவில்லை, கழிவு வெள்ளைச் சளி, சதை கரைகிறது என்றால் தண்ணீரில் மெட்ரோனிடசோல் போட்டுப் பார்க்கலாம்.

தண்ணீரில் போடும் அளவு என்ன?

முதலில் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் சொன்ன அளவு விளிம்புவரை நிரம்பினால் வருவது. உள்பக்க நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 60-க்கு 30 தொட்டியில் 22 செ.மீ. தண்ணீர் நின்றால் 39.6 லிட்டர், 40 என்று கொள்ளலாம்.

மெட்ரோனிடசோல் லிட்டருக்கு 7 மி.கி., தினமும், 5 நாள். 40 லிட்டருக்கு 280 மி.கி. ஒவ்வொரு நாளும் மருந்துக்கு முன் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தரையில் கிடக்கும் கழிவும் அதோடு போகட்டும்.

பிரசிகுவாண்டல் லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி., ஒருமுறை. ஏழாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றி மறுபடி ஒருமுறை. செவுளில் ஒட்டும் ஃப்ளூக் என்ற தட்டைப்புழு இருந்தால் இந்த இரண்டாம் முறை கட்டாயம். அதன் முட்டையை மருந்து தொடாது, பொரித்து வரும் குஞ்சைத்தான் கொல்லும்.

எந்த மருந்தானாலும் ஃபில்டரில் உள்ள, மருந்தை உறிஞ்சும் கார்பனை எடுத்துவிடுங்கள், யுவி விளக்கையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள். ஸ்கிம்மர் நின்றால் காற்று குறையும்; அதை ஈடுகட்ட ஏர் ஸ்டோன் கூடுதலாக ஒன்று ஓட வேண்டும்.

பிரசிகுவாண்டல் கரையாமல் மிதக்கிறதே?

தண்ணீரில் அது மிகக் கொஞ்சமே கரையும். பொடியை நான்கைந்து சொட்டு எத்தில் ஆல்கஹாலில் குழைத்து, பிறகு ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, ஏர் ஸ்டோன் அருகே மெல்ல ஊற்றுங்கள். தாராளமாக ஆல்கஹால் ஊற்றினால் அதைத் தின்று பாக்டீரியா பெருகும், தண்ணீர் பால்போல மங்கும், ஆக்சிஜன் இறங்கும், மீன் மேலே வந்து வாய் திறக்கும். அப்படி நேர்ந்தால் உடனே பாதித் தண்ணீரை மாற்றிக் காற்றைக் கூட்டுங்கள். பிரசி கொடுத்த ஓரிரு நாள் மீனுக்குப் பசி குறைவதும் வழக்கம். சில ராஸ் மீன்கள் மற்றவற்றைவிட அதிகம் சுணங்கும்.

இன்னொரு சங்கதி. கடல்நீர்த் தொட்டியில் பிரசிகுவாண்டலையே தின்று சிதைக்கும் பாக்டீரியா உருவாகும். முன்பு பிரசி போட்டுப் பழகிய ஃபில்டரில் மறுபடி போட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே மருந்து மறைந்துவிடலாம். வீட்டில் அதை அளக்கும் டெஸ்ட் கிட் கிடையாது. ஆகவே பழைய ஸ்பாஞ்சை அப்படியே அடுத்த மீனுக்குப் பயன்படுத்தாமல், குளோரின் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி சைக்கிள் செய்துதான், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்வரை ஓடவிட்டுத்தான், எடுக்க வேண்டும்.

தனிமைத் தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

வெறும் கண்ணாடித் தரை. மணல், லைவ் ராக் (சிற்றுயிர்கள் வாழும் கடல் பாறை), பவளம் எதுவும் வேண்டாம். மருந்தை உறிஞ்சும், கழிவை மறைக்கும். சிறு மீனுக்கு 40 லிட்டர், டாங்குக்கு 80 லிட்டருக்குக் குறையாமல். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மீன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஓடவிட்டுப் பழக்க வேண்டும். மேலே மூடி வேண்டும், இல்லாவிட்டால் ராஸ் மீன் துள்ளி வெளியே விழும்.

அமோனியா டெஸ்ட் கிட் கட்டாயம். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அதே அளவு அமோனியா நன்னீரைவிட இங்கே அதிகம் கடிக்கும். சிகிச்சையின்போது செத்த மீன்களில் பல, மருந்தாலோ புழுவாலோ அல்ல, அமோனியாவால் செத்தவை. தினமும் பாருங்கள், லிட்டருக்கு 0.25 மி.கி. காட்டினாலே தண்ணீர் மாற்றுங்கள். எத்தனை லிட்டர் மாற்றினீர்களோ அந்த அளவுக்கு மட்டும் மருந்தை ஈடுகட்டுங்கள்.

வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. எதை முதலில்?

வெள்ளைப் புள்ளி, வெல்வெட் (தோலையும் செவுளையும் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) இரண்டும் முதலில். வெல்வெட் இரண்டு மூன்று நாளில் கொல்லும்; குடல் புழு வாரக்கணக்கில் காத்திருக்கும். அவற்றுக்கான தாமிர மருந்து தண்ணீரில் இருக்கும்போது மீன் நன்றாகத் தின்றால் மெட்ரோனிடசோல் தீனியைக் கூடவே கொடுக்கலாம். தண்ணீரில் ஒரே நேரத்தில் இரண்டு மருந்து மட்டும் வேண்டாம். தாமிரம் பசியைக் குறைக்கும். தின்னவில்லை என்றால் தாமிரம் முடிந்த பிறகே குடல் மருந்து.

மருந்துக் கடையில் என்ன கேட்பது?

மெட்ரோனிடசோல் 200, 400 மி.கி. மாத்திரைகளாகக் கிடைக்கும், மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்து அது. கால்நடை மருத்துவரிடம் மீனுக்கு என்று சொல்லியே எழுதி வாங்குங்கள். அட்டையில் மெட்ரோனிடசோல் மட்டும்தான் இருக்கிறதா என்று படியுங்கள். வயிற்றுப்போக்குக்கு விற்கும் மாத்திரைகளில் நார்ஃப்ளாக்சசின், ஃபுராசோலிடோன் போன்றவை சேர்ந்திருக்கும்.

பிரசிகுவாண்டல் மனிதர்களுக்கான மாத்திரை பெரும்பாலும் 600 மி.கி. நாய்க்கான புழு மாத்திரையில் பிரசிகுவாண்டலோடு பைரண்டலும் ஃபெபண்டலும் கலந்திருப்பது வழக்கம். அதை வைத்து மீனுக்கு அளவு கணக்கிடவே முடியாது. ஃபென்பெண்டசோல் கால்நடை மருந்துக் கடையில் 150 மி.கி. மாத்திரையாகவும் மாட்டுக்கான 1.5 கிராம் பெரிய மாத்திரையாகவும் கிடைக்கும். ஐவர்மெக்டின் கலந்த ஃபென்பெண்டசோலும் விற்கிறார்கள். அதை மட்டும் தொடவே வேண்டாம்: ஐவர்மெக்டின் மீனுக்கு நஞ்சு.

அல்பெண்டசோல் வீட்டிலேயே இருக்கிறது. போதாதா?

ஃபென்பெண்டசோலின் குடும்பம்தான். ஆனால் அலங்கார மீன்களுக்குப் பழக்கத்தில் உள்ள அளவும் அனுபவமும் ஃபென்பெண்டசோலுக்கே அதிகம். முப்பது கிராம் மீனில் பரிசோதனை வேண்டாம்.

பூண்டு, வேப்பிலை, மஞ்சள்?

பூண்டின் வாசனைக்குச் சில மீன்கள் தீனியருகே வரும். பயன் அதோடு சரி. வேப்பிலைச் சாற்றைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், மீனுக்கு ஆகாது. மஞ்சளைப் போட்டால் ஸ்பாஞ்சுக்குத்தான் நிறம் ஏறும்.

எப்சம் உப்பு உதவுமா?

தண்ணீரில் போட்டுப் பயனில்லை. கடல்நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 1300 மி.கி. அளவுக்கு மக்னீசியம் இருக்கிறது. ஒரு கரண்டி எப்சம் அங்கே எந்த மாற்றத்தையும் செய்யாது. தீனியில் 100 கிராமுக்கு 3 கிராம் கலந்து இரண்டு மூன்று நாள் கொடுத்தால் பேதிபோலக் குடலைக் கழுவும். வயிறு உப்பி, கழிவே போகாத மீனுக்கு இது பொருந்தும். எலும்பும் தோலுமாக இருப்பதற்குக் கொடுக்காதீர்கள்.

பெரிய தொட்டியிலேயே மருந்து போட்டுவிட்டால்?

பவளம், இறால், குழாய்ப்புழு இருக்கும் தொட்டியில் தண்ணீரில் எந்தப் புழு மருந்தும் கூடாது. புழுவைக் கொல்லும் மருந்துக்கு எது வேண்டாத புழு, எது அழகுக்கு வைத்த குழாய்ப்புழு என்று தெரியாது. ஃபென்பெண்டசோல் சில மென்பவளங்களையும் கெடுக்கும், பாறையில் தங்கியும்விடும். மெட்ரோனிடசோல் தீனியை மட்டும், தின்பதை நேரில் பார்த்துக் கொடுக்க முடிந்தால், வேறு வழியே இல்லாதபோது கொடுக்கலாம்.

எல்லாம் கொடுத்தும் மெலிகிறது. ஏன்?

மீனுக்குத் தேவையான அளவு தீனி போகிறதா என்று முதலில் பாருங்கள். ஆந்தியாஸ் கடலில் நாள் முழுவதும் மிதவை உயிர்களைப் பொறுக்கும். அதற்கு ஒரு வேளைத் தீனி பட்டினிக்குச் சமம், நான்கு வேளையாவது வேண்டும். சில மீன்கள் சயனைடு தெளித்துப் பிடிக்கப்பட்டவையாக இருக்கலாம்; பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய வழக்கம் அது. அதில் உள்ளுறுப்பு கெட்டிருந்தால் புழு மருந்தால் ஒன்றும் ஆகாது.

முதுகு வளைந்து, ஆறாப் புண்ணும் சேர்ந்து மெலிந்தால் மீன் காசநோய் எனப்படும் மைக்கோபாக்டீரியா தொற்றாக இருக்கலாம். அதற்கு வீட்டில் சிகிச்சை இல்லை. அந்த மீனையும் அதன் வலை, குழாய்களையும் மற்றத் தொட்டிகளிலிருந்து முழுக்கப் பிரித்து வையுங்கள்.

இது மனிதருக்குத் தொற்றுமா?

தொட்டி மீனின் குடல் புழுக்கள் கையால் தொடுவதால் நமக்கு வராது. மேலே சொன்ன மைக்கோபாக்டீரியா மட்டும் கையில் வெட்டுக்காயம் இருந்தால் தோலில் தொற்றி, மாதக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும். காயத்தோடு தொட்டியில் கைவிடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கட்டி வந்தால் மருத்துவரிடம் மீன் தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை பெற்ற மீன் சமையலுக்கு ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் உணவுக்கான மீன், இறால் வளர்ப்பில் மெட்ரோனிடசோலுக்குத் தடையே இருக்கிறது.

எப்போது பெரிய தொட்டிக்கு மாற்றலாம்?

கடைசி மருந்து முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஃபென்பெண்டசோல் என்றால் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு. அந்த இரண்டு வாரமும் கழிவு திடமாக, தின்ற தீனியின் நிறத்தில் போக வேண்டும். முதல் நாள் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வையுங்கள்: தலைக்குப் பின்னால் இருந்த பள்ளம் நிரம்பியிருந்தால் மாற்றலாம். நிரம்பவில்லை, ஆனால் மெலிவு நின்றுவிட்டது என்றால் இன்னும் இரண்டு வாரம் தனியாகவே வைத்து வயிறாரத் தீனி போடுங்கள். பெரிய தொட்டியில் பழைய மீன்களோடு மல்லுக்கட்டித் தின்ன அதற்குத் தெம்பு வேண்டும்.